தொட்ட கைகள்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு வரலாற்றுக் கட்டுரை. ராஜா, ராணி, போர், உடன்படிக்கை என்று எழுதிவிடாதீர்கள் சார், நம்ம பசங்க படிக்கணும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. நியாயம்தான். எனவே வேலூரிலும் செங்கல்பட்டிலும், நம்மில் மூத்தவர்கள் சிலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நடந்த ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். இதில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. மடங்கிப்போன விரல்கள் இருக்கின்றன.

ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் தேவாலய வாசலிலும் துணி சுற்றிய கையோடு, தகரக் குவளையை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காசு போடுகிறவர்கள் குனியவே மாட்டார்கள். இடுப்பு உயரத்திலிருந்தே காசு விழும். குவளையில் விழாமல் உருண்டு ஓடினால் அந்த மனிதர் தவழ்ந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தர்மமும் செய்தாயிற்று, கையும் படவில்லை!

பெருவியாதி என்று பாட்டிமார் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. இன்று தொழுநோய் என்கிறோம். நோய்கள் எத்தனையோ உண்டு. காலராவும் அம்மையும் இதைவிட வேகமாக ஆளைக் கொன்றன. ஆனால் இந்த ஒரு நோய்க்கு மட்டும் மருத்துவர் வருவதற்கு முன்பே நீதிபதி வந்துவிட்டார். முன்ஜென்ம வினை என்றார்கள் ஒரு பக்கம். கிறிஸ்தவர்கள் மட்டும் விட்டு வைத்தார்களா? பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் தோல் நோய் கண்டவனைப் பாளயத்துக்கு வெளியே இருக்கச் சொல்கிறது. அங்கே எபிரேய மொழியில் உள்ள சொல் இன்றைய தொழுநோயைத்தான் குறிக்கிறது என்று சொல்ல முடியாது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட அது பற்றும் என்று அதே அதிகாரங்கள் சொல்வதைப் பார்த்தாலே தெரியும். ஆனால் மொழிபெயர்ப்புகளில் குஷ்டரோகம் என்று விழுந்துவிட்டது. பாவம், தண்டனை, தீட்டு மூன்றும் அந்த ஒரே சொல்லோடு ஒட்டிக்கொண்டன. இடைக்கால ஐரோப்பாவில் சில இடங்களில் நோயாளியை உயிரோடு இருக்கும்போதே இறந்தவனைப் போலக் கருதி, சடங்கு செய்து ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். இயேசு அப்படிப்பட்ட ஒருவனைக் கை நீட்டித் தொட்டார் என்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. லேவியராகமம் நினைவில் நின்ற அளவுக்கு அந்தத் தொடுதல் திருச்சபையின் நினைவில் நிற்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

1873ல் நார்வே நாட்டு ஹான்சன் இந்த நோய்க்கான கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமி என்று தெரிந்த பிறகாவது பாவக் கணக்கு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. 1898ல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஏழைத் தொழுநோயாளியை வாரண்டு இல்லாமலே போலீஸ்காரர் பிடித்து விடுதியில் அடைக்கலாம். கவனியுங்கள், ஏழை நோயாளியை மட்டும். பணக்காரர் வீட்டு மாடி அறைக்குச் சட்டம் போகவில்லை.

இந்த இருட்டிலும் விளக்கு ஏற்றியவர்கள் மிஷனரிகள்தான். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். 1874ல் வெல்லஸ்லி பெய்லி என்ற அயர்லாந்துக்காரர் தொடங்கிய தொழுநோயாளர் மிஷன் நம் நாடெங்கும் காப்பகங்களுக்கு உதவியது. சோறு, துணி, புண்ணுக்குக் கட்டு, ஒரு கூரை. வேறு யார் கொடுத்தார்கள் அன்று? ஆனாலும் வரலாறு எழுதுகிறவன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காப்பகங்களில் பலவற்றில் ஆணையும் பெண்ணையும் பிரித்தே வைத்தார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை எடுத்து வேறு விடுதியில் வளர்த்தார்கள். கருணை இருந்தது, கூடவே ஒரு மதிலும் இருந்தது. அன்று மருந்தே இல்லை என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மதிலுக்கு உள்ளே இருந்த கையை யாராவது உற்றுப் பார்த்தார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. சதை அழுகுகிறது, விரல் உதிர்கிறது, இது இந்த நோயின் விதி. மருத்துவப் புத்தகமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. ஊரும் வைத்தியரும் போதகரும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்ட பிறகு, வழக்கை மறுபடி விசாரிக்க யார் வருவார்?

வந்தவர் கொல்லிமலையில் வளர்ந்த ஒரு வெள்ளைக்காரர்.

பால் பிராண்ட் 1914ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தார். பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் பிராண்டும் அங்கே மிஷனரிகள். சிறுவனாக இருந்தபோது மலைக்கு வந்த தொழுநோயாளிகளுக்கு அப்பா கட்டுப் போட்டதை அவர் பார்த்திருக்கிறார். மற்ற நோயாளிகள் என்றால் வெறும் கையால் தொடும் அப்பா, அன்று கையுறை மாட்டிக்கொண்டாராம். பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது என்று உத்தரவு. ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். அவர் அங்கே இருக்கும்போதே, 1929ல், அப்பா மலேரியாவின் கொடிய வகை ஒன்றுக்குப் பலியானார். அம்மா கொல்லிமலையைத் தன் ஊராகவே கருதியவர். வயதான காலத்திலும் மட்டக்குதிரையில் மலை மலையாகச் சுற்றி, 1974ல் 95 வயதில் காலமானார். அந்த அம்மாளைப் பற்றித் தனி மலரே போடலாம்.

மகனுக்கு ரத்தமும் சீழும் என்றால் அருவருப்பு. டாக்டர் வேலையே வேண்டாம் என்று கட்டட வேலையும் தச்சு வேலையும் சில ஆண்டுகள் கற்றார். பிறகு மனம் மாறி லண்டனில் மருத்துவம் படித்து, குண்டு விழுந்த காலத்தில் அறுவை சிகிச்சை பழகி, 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் உருவாக்கிய அதே கல்லூரிதான். அழைத்தவர் தொழுநோய் நிபுணரான ராபர்ட் காக்ரேன். செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையின் பொறுப்பும் காக்ரேனிடம் இருந்தது.

ஒருநாள் காக்ரேன் தன் செங்கல்பட்டு மருத்துவமனையைச் சுற்றிக் காட்டினார். அவர் தோலைக் காட்டிக்கொண்டே போகிறார். எலும்பு மருத்துவரான பிராண்டின் கண்ணோ கைகளின் மேல். மடங்கிய கைகள், கட்டை விரல் செத்த கைகள், விரலே இல்லாத கைகள். ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டார். எலும்பு டாக்டர் நீங்கள்தானே, நீங்கள் சொல்லுங்கள் என்று காக்ரேன் திருப்பிக் கேட்டுவிட்டார். வேறெந்த நோயையும்விட அதிகமாகக் கைகளை முடமாக்கும் இந்த நோயை ஆராய இதுவரை ஓர் எலும்பு மருத்துவரும் வரவில்லையே என்பது அவருடைய ஆதங்கம்.

அங்கே ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, அழுத்துங்கள் என்றார். லேசாக ஒரு நெருடல் இருக்கும் என்று எதிர்பார்த்தார். அந்த மனிதர் அழுத்தினார் பாருங்கள், நகம் பதிந்து வலி தாங்காமல் விடுங்கள் விடுங்கள் என்று கத்தும்படி ஆகிவிட்டது! கத்தியவரின் தலைக்குள் ஒரு மின்னல். செத்துப்போன கை என்று எல்லோரும் எழுதிவைத்த கைக்குள் இவ்வளவு பலமா? அப்படியென்றால் தசை உயிரோடு இருக்கிறது!

அதற்குப் பின் நடந்ததைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். முழங்கையில் இடித்துக்கொண்டால் ஷாக் அடித்தமாதிரி சுண்டி இழுக்குமே, அந்த நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ச்சியான பகுதிகள்தான் பிடிக்கும். எனவே தோலுக்கு அருகே நரம்பு வரும் இடங்களில், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று, நரம்பு வீங்கிக் கெட்டுப்போகிறது. செங்கல்பட்டில் இறந்துபோன ஒரு நோயாளியின் உடலை இரவோடிரவாக அறுத்துப் பார்த்தபோது இது கண்கூடாகத் தெரிந்தது. உள்ளங்கையின் சின்னச் சின்னத் தசைகள் செயலிழந்து விரல் மடங்குகிறது. ஆனால் முன்கையில் உள்ள பெரிய தசைகள் பல நன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. அதில் ஒன்றை எடுத்து வழி மாற்றித் தைத்தால், செத்த தசையின் வேலையை அது செய்யும். போலியோவுக்கு ஏற்கெனவே செய்து வந்த உத்திதான். தொழுநோயாளிக்குச் செய்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

1948ல் முதல் அறுவை சிகிச்சை தொடங்கியது. ஆனால் எங்கே வைத்து? இங்கேதான் நம் கிறிஸ்தவ மனசாட்சி கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கிறது. தொழுநோயாளிக்குக் கட்டில் கொடுத்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் வேலூர் மருத்துவமனையிலும் இருந்தது. எழுதப்படாத அந்த விதியை உடைக்க நாளானது. தொடக்கத்தில் ஒரு பழைய ஸ்டோர் ரூம்தான் கை ஆராய்ச்சிப் பிரிவாக இருந்தது. அந்தத் தசை அழுகிய தசை, தையல் ஆறாது என்று சக மருத்துவர்கள் சொன்னார்கள். தையல் ஆறியது. பலருக்கு விரல் நிமிர்ந்தது. பிசியோதெரபிஸ்ட் ரூத் தாமஸ் மெழுகு ஒத்தடமும் பயிற்சியும் கொடுத்துப் புதிய தசைக்கு வேலை கற்றுக்கொடுத்தார்.

வெறும் அறுவை சிகிச்சையோடு இது நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஆறிய கையோடு போனவர்கள் புதுப் புண்ணோடு திரும்பி வந்தார்கள். சதை அழுகவில்லை என்றால் இந்தப் புண் எங்கிருந்து வருகிறது? கண்டுபிடிக்க அவர்களோடு வாழ்ந்தால்தான் முடியும். மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே மண் சுவரும் ஓலைக் கூரையுமாக நவ ஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் ஒரு முதிய மிஷனரி அம்மையார். இளம் நோயாளிகளுக்குப் பிராண்ட் தனக்குத் தெரிந்த தச்சு வேலையைக் கற்றுக்கொடுத்தார். மரப் பொம்மைகள் செய்தார்கள். ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று துப்பறிவதே டாக்டரின் வேலையாயிற்று.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் தடுமாறுகிறார். ஒரு பையன் வந்து சாவியை வாங்கி ஒரே திருகு, திறந்துவிட்டான். ஆச்சரியத்தோடு அவன் கையைப் பார்த்தால் சாவி அறுத்து எலும்பு தெரிகிறது. அவனுக்குத் தெரியவே இல்லை! இன்னொருவர் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிக்கிறார், தெரியவில்லை. இன்னொருவர் சுத்தியலின் பிளந்த கைப்பிடியை இறுகப் பிடிக்கிறார், தெரியவில்லை. சரி, ராத்திரி நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருக்கிறதே, அது எப்படி? இரவில் விழித்திருந்து பார்த்தார்கள். எலி. எலி வந்து கடிக்கிறது, படுத்திருப்பவருக்கு வலியில்லை, விழிக்கவில்லை. அதன்பின் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு நோயாளியின் கையிலும் மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்களாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மிக உயர்ந்த மருத்துவம் அது என்று நான் நினைக்கிறேன்.

ஆக, விரல் உதிரவில்லை. வலி தெரியாததால் காயம், காயத்தில் சீழ், சீழில் எலும்பு கரைந்து குறுகுதல், இவ்வளவுதான் சங்கதி. வலியை உணரும் வரம் போய்விட்ட மனிதர்களைத்தான் இத்தனை நூற்றாண்டாகக் கடவுளின் சாபம் பெற்றவர்கள் என்று நாம் தீர்த்துவைத்திருந்தோம். கண் குருடாவதும் அப்படித்தான், இமைக்க வேண்டும் என்ற உணர்ச்சியே போய்விடுகிறது. அந்தப் பக்கத்தை ஆராய்ந்தவர் பிராண்டின் மனைவி, கண் மருத்துவர் மார்கரெட்.

இன்னொரு சம்பவம். ஒரு வாலிபனைப் பரிசோதித்துவிட்டு, குணப்படுத்த முடியும் என்று சொல்லிக்கொண்டே பிராண்ட் இயல்பாக அவன் தோளில் கை போட்டார். அவன் விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டான். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று பிராண்ட் உடனிருந்தவரிடம் கேட்டார். இல்லை டாக்டர், இங்கே வரும்வரை பல வருஷமாக யாரும் அவனைத் தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறான் என்று பதில் வந்தது. அப்பா கையுறை போட்டதைப் பார்த்து வளர்ந்த மகன் இவர். கையுறை போட்டவரும் அன்புள்ளவர்தான். அந்த மலையில் வேறு எவரும் செய்யாததைச் செய்தவர். ஆனால் இடையில் ஒரு மெல்லிய ரப்பர் இருந்தது.

கை நிமிர்ந்துவிட்டால் வாழ்க்கை நிமிர்ந்துவிடுமா? அங்கேயும் ஊர் தன் தீர்ப்பை விடவில்லை. சிகிச்சை முடிந்து போன சிலர் திரும்பி வந்து, டாக்டர், இந்தக் கை பிச்சை எடுக்க உதவவில்லை என்றார்கள். மடங்கிய கையைக் கண்டு காசு போட்டவர்கள் நல்ல கைக்குப் போடவில்லை. வேலை கேட்டால் முகத்தைப் பார்த்து விரட்டினார்கள். பிறகுதான் மூக்கைச் சீரமைப்பதும், தலைத்தோலிலிருந்து எடுத்துப் புருவம் அமைப்பதும் சிகிச்சையில் சேர்ந்தன. புருவம் எதற்கு என்று கேட்பவர்கள் புருவம் உள்ளவர்கள்!

1955ல் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில், ஷீஃப்லின் பெயரில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. அங்கே அறுவை சிகிச்சை செய்தவர்களில் ஒருவரை இன்றைய மாணவிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கொச்சிப் பக்கத்தில் பிறந்து வேலூரில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் நடந்த ஒரு வாகன விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். மருத்துவ வாழ்வு முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்திருக்க, கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று வழி காட்டியவர் பிராண்ட். சக்கர நாற்காலியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார் மேரி. நோயாளிகளுக்கு அது ஒரு காட்சி. நடக்க முடியாத டாக்டர், பிடிக்க முடியாதவருக்குக் கை கொடுக்கிறார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் 1966ல் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். 1972ல் பத்மஸ்ரீ பெற்றார். 1986ல் மறைந்தார்.

பிராண்ட் 1966ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். 2003ல் காலமானார்.

மாணவர்கள் கேட்கலாம், இதெல்லாம் பழைய கதைதானே என்று. பாதி உண்மை. 1940களில் சல்ஃபோன் மருந்து வந்தது. 1981ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. அதை ஒழுங்காகச் சாப்பிட்டால் நோய் குணமாகும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை நாடு எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான்.

சட்டத்தின் கதை இன்னும் விசித்திரம். 1898ம் ஆண்டுச் சட்டம் 2016ல்தான் மத்தியச் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 2001ல் திருத்தப்பட்டபோது, குணமாகாத தொழுநோய் என்பதை விவாகரத்துக்குரிய காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள்! எப்போது? கூட்டு மருந்து வந்து இருபது வருஷம் கழித்து. வேலூரில் தொழுநோயாளியின் கை நிமிர்ந்து ஐம்பது வருஷம் கழித்து. மற்ற மதத்தாரின் சட்டங்களிலும் இது ஏற்கெனவே இருந்ததுதான். 2019ல் நாடாளுமன்றம் ஐந்து சட்டங்களிலிருந்தும் அதை நீக்கியது.

கடைசியாக ஒரு சங்கதி. உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமலிருக்க எத்தனையோ வகைச் செருப்புகளைச் செய்து பார்த்து, மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்ற மெத்தென்ற பொருளை வேலூரிலும் கரிகிரியிலும் பயன்படுத்தினார்கள். ஒருகாலத்தில் அந்தச் செருப்பைப் பார்த்தாலே, போட்டிருப்பவர் யார் என்று ஊர் கண்டுகொண்டு ஒதுங்கும். சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதேபோல் உணர்ச்சி போய்ப் புண் வருகிறது என்று பிற்காலத்தில் தெரியவந்தது. கார்வில்லில் பிராண்ட் அதற்கும் தொழுநோயில் கற்ற பாடத்தையே பயன்படுத்தினார். இன்று நம் ஊர்க் கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். பழைய மாணவர் சந்திப்புக்கு வந்திருக்கும் நம் செட்டு ஆட்களின் காலை, விருந்துக்கு முன் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாலு பேராவது போட்டிருப்பார்கள்.